கிளாஸ் சுற்றி வந்த காகிதம்

திருப்பூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டு பையரின் மின்னஞ்சலுக்கும் கட்டிங் மாஸ்டரின் முன்கோபத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். கம்பெனி வேலையாக இஸ்தான்புல் போனவர் ஆறு டீ கிளாஸ் வாங்கி வந்திருந்தார். இடுப்பு ஒடுங்கி, வாய் விரிந்து, உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கிளாஸ்கள். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார் அந்த ஊர்க் கடைக்காரர். நம்மூர்ப் பாத்திரக்கடை வழக்கம்தான். நண்பரின் மனைவி கிளாஸ்களை எடுத்து வைத்துவிட்டுத் தாளைக் கசக்கப் போனார். "அதை இப்படிக் குடுங்கம்மா" என்று வாங்கி, தரையில் வைத்து நீவி விரித்தேன். முதல் பக்கம். தலைப்பில் கொட்டை எழுத்தில் ஒரே சொல்: ஜும்ஹூரியெத்.

குடியரசு என்று பொருள். அது தெரிந்திருந்ததால்தான் என் பயணத் திட்டம் கெட்டது. நான் வந்தது நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்க்க. சாயப்பட்டறைக் கழிவு தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையே விவசாயிக்கு வினையான கதை அது. அதை ஒத்திப்போட்டுவிட்டு ஈரோட்டுக்கு ரயில் எப்போது என்று கேட்டேன். "ஈரோட்டுல என்னங்க இருக்குது, மஞ்சளும் ஜவுளிச் சந்தையும்தான்" என்றார் நண்பர். நான் தாளைக் காட்டினேன். "இதே பேர்ல அங்க ஒரு பத்திரிகை இருந்துச்சு."

துருக்கியின் ஜும்ஹூரியெத் நாளேட்டை யூனுஸ் நாதி 1924 மே 7-இல் தொடங்கினார். கிலாஃபத் ஒழிக்கப்பட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புதிய குடியரசுக்கு ஒரு குரல் வேண்டும் என்று முஸ்தபா கமாலின் ஆதரவோடு வந்த ஏடு. ஈரோட்டில் ஈ.வெ.ராமசாமி 'குடி அரசு' வார ஏட்டைத் தொடங்கியது 1925 மே 2. திறந்துவைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் சுவாமிகள். கடவுள் மறுப்புக்குப் பேர்போன பத்திரிகைக்கு ஒரு சைவ மடத்துத் தலைவர் திறப்பாளர் என்பது இன்று வேடிக்கையாகத் தோன்றும். அன்று அந்தப் பத்திரிகைக்கே தான் எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்பது தெரிந்திருக்காது. ஓராண்டுக்கு ஐந்து நாள் குறைவான இடைவெளியில் இரண்டு குடியரசுகள். ஒருவரைப் பார்த்து ஒருவர் பேர் வைத்துக்கொண்டதாக நான் சொல்லவில்லை. காற்றில் அந்தச் சொல் இருந்திருக்கிறது.

திருப்பூரில் முதல் பனியன் கம்பெனி வந்ததும் அதே 1925-இல்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

மறுநாள் காலை ஆறரை மணி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், குமரன் நினைவிடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் ஏழெட்டுப் பேர். கடைக்கு வந்த ஒரே செய்தித்தாள் தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கமாகக் கிடந்தது. ஒருவர் கையில் விளையாட்டு, ஒருவர் கையில் உள்ளூர்ப் பக்கம். தலைப்புச் செய்தி வைத்திருந்த பெரியவர் மட்டும் உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பாதிப்பேர் போனில் இருந்தார்கள். எட்டரைக்கு ஷிப்ட் தொடங்கும். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் இரவு எட்டரை ஆகும். இடையில் உலகம் கவிழ்ந்தாலும் ஓவர்லாக் மிஷின் சத்தத்தில் கேட்காது.

என் கையிலிருந்த தாளைப் பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்தார். "இதென்னுங்க பாசை, இங்கிலீசு மாதிரி இருக்குது, படிச்சா வாயில நிக்க மாட்டேங்குது?"

"துருக்கிங்க."

"துருக்கியா? நம்ம ஆர்டரத் தூக்கிட்டுப் போறவனுக!"

சிரித்துவிட்டேன். தவறில்லை. 1996-இலிருந்து துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. அவர்கள் பனியன் வரியில்லாமல் உள்ளே போகும், நம் பனியன் வரி கட்டிப் பழகியது. பக்கத்து ஊர் என்பதால் சரக்கும் லாரியிலேயே போய்விடும். திருப்பூர்க்காரருக்குத் துருக்கி என்றால் கிலாஃபத், கமால் எதுவும் இல்லை, கைநழுவிய ஆர்டர்.

பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்த இளைஞன், தர்பங்காப் பக்கத்து டெய்லர், நான் தலைப்பை வாய்விட்டுச் சொன்னதும் திரும்பினான். "ஜம்ஹூரியத்? அது எங்க வார்த்தை அண்ணா. உர்தூல இருக்கு." எழுத்தைப் பார்த்து அவனால் படிக்க முடியவில்லை. காதால் கேட்டதும் பிடித்துக்கொண்டான். அரபியில் பிறந்த சொல் ஒரு பக்கம் துருக்கிக்குப் போய் லத்தீன் எழுத்தில் உட்கார்ந்துகொண்டது, இன்னொரு பக்கம் பிகாருக்குப் போய் அங்கிருந்து அவிநாசி ரோட்டு விடுதி அறைக்கு வந்திருக்கிறது. டீக்கடையில் அது தன் சொந்தக்காரனைக் கண்டுகொண்டது.

ஈரோட்டு வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. ஊத்துக்குளி வந்தால் வெண்ணெய் நினைவுக்கு வரும், விஜயமங்கலம் வந்தால் சமணக் கோயில். ஈங்கூர், பெருந்துறை. ஒரு காலத்தில் இந்தப் பாதையில் கதர் மூட்டையோடு போனவர் ராமசாமி. தமிழ்நாட்டுக் கதர் வேலைக்குத் திருப்பூர்தான் தலைமையிடம். அவர் கதர் வாரியத் தலைவராக இருந்து, துணியைத் தோளில் போட்டுத் தெருத் தெருவாக விற்றவர். 1922-இல் திருப்பூரில் நடந்த காங்கிரஸ் மாகாண மாநாட்டில், எல்லா சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற தீர்மானம் எதிர்ப்பில் சிக்கியபோது, மனுவையும் ராமாயணத்தையும் கொளுத்த வேண்டும் என்று அவர் பேசியது இந்த ஊரில்தான். பத்திரிகை பிறக்க இன்னும் மூன்று வருஷம் இருந்தது. ஆனால் அதில் அச்சேறப்போகிற கோபம் திருப்பூரிலேயே முளைவிட்டிருந்தது என்பேன். குடி அரசின் தொடக்க இதழ்களில் கதர் இருந்தது, காந்தி மேல் மரியாதை இருந்தது. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் தோற்று அவர் வெளியேறிய பிறகு ஏடும் மெல்ல மெல்லத் திசை திரும்பியது.

பத்திரிகையின் செல்வாக்கு என்றால் உடனே எத்தனை பிரதி விற்றது என்று கேட்கிறோம். குடி அரசுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிறு கூட்டமாக இருந்த காலம். ஒரு பிரதி ஊருக்குள் வந்தால் முடிதிருத்தும் கடையில், திண்ணையில், படிப்பகத்தில் ஒருவர் வாசிக்க இருபது பேர் கேட்டார்கள். எழுத்தும் அந்த வாசிப்புக்காகவே எழுதப்பட்டது போல இருக்கும். மேடையில் பேசுகிற வாக்கியங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில்தான் முற்றுப்புள்ளி. தொகுதிகளாக வந்திருக்கும் பழைய இதழ்களை நான் மௌனமாகப் படித்தபோது சில பத்திகள் நீளமாகச் சலிப்பூட்டின. சத்தமாகப் படித்துப் பார்த்தேன், ஓடின.

1927 டிசம்பரில் ஏட்டில் ஆசிரியர் பெயருக்குப் பின்னாலிருந்த 'நாயக்கர்' காணாமல் போனது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போடுவதற்கு ஓராண்டுக்கு முன்பே அவர் தன் பெயரில் செய்து காட்டிவிட்டார். இன்று தமிழ்நாட்டில் ஒருவரின் பெயரைக் கேட்டு சாதி தெரியாது என்று வெளியூர்க்காரர்கள் வியக்கிறார்கள். ரயில் ஜன்னலிலிருந்து பார்த்த சுவர்களில் அது பாதி உண்மைதான். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியிலும் திருமண பேனரிலும் இந்தப் பக்கம் பட்டம் இன்னமும் உயிரோடு இருக்கிறது. பிறந்தபோது விட்டுவிட்டு, செத்தபோது ஒட்டிக்கொள்கிறார்கள்.

1931 டிசம்பரில் அவர் வெளிநாடு கிளம்பினார். கூட வந்தவர்களில் ஒருவர் எஸ்.ராமநாதன், அவரும் கதர் வேலையில் இருந்து சுயமரியாதைக்கு வந்தவர். 1932 ஜனவரி 11-இல் கொடிகாத்த குமரன் திருப்பூரில் இறந்தபோது ராமசாமி இந்தியாவிலேயே இல்லை. எகிப்து, கிரீஸ், துருக்கி வழியாக சோவியத் நாட்டுக்குப் போனார். கமால் பாட்சாவைக் குடி அரசு அதற்கு முன்பே கொண்டாடிக்கொண்டிருந்தது. மதத்தை அரசிலிருந்து கழற்றினார், பெண்களை வெளியே கொண்டுவந்தார், இங்கேயும் ஒரு கமால் வேண்டும் என்ற தொனி. கமாலின் ஆட்சியில் எதிர்த்துப் பேசும் பத்திரிகைகள் மூடப்பட்டதும் உண்டு. அந்தப் பக்கத்தை நம்மவர்கள் அவ்வளவாகப் புரட்டவில்லை. தூரத்து மலை பச்சைதான்.

இஸ்தான்புல்லில் அவர் இறங்கியபோது கடைப் பலகைகள் எல்லாம் புது எழுத்தில் இருந்திருக்கும். 1928 நவம்பரில் சட்டம். டிசம்பர் 1 முதல் நாளேடுகள் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்தில் வர வேண்டும். நேற்றுவரை வலமிருந்து இடமாகப் படித்தவன் இன்று இடமிருந்து வலமாகத் தடவித் தடவிப் படிக்கிறான். பத்திரிகைகளின் விற்பனை சரிந்தது, அரசு பணம் கொடுத்துத் தாங்கிப் பிடித்தது. ஜும்ஹூரியெத்தும் அந்த மாற்றத்தைக் கடந்து வந்த ஏடுதான்; நான் நீவி விரித்த தாளின் ஒவ்வொரு எழுத்திலும் அந்த டிசம்பர் இருக்கிறது.

ராமசாமி அங்கே என்ன பார்த்து என்ன நினைத்தார் என்று கதை கட்ட மாட்டேன். 1935 தொடங்கி அவருடைய ஏட்டில் தமிழ் எழுத்து மாறியது என்பது மட்டும் நிச்சயம். யானைத் தும்பிக்கை போலச் சுழித்துக்கொண்டு முன்னால் நின்ற ணை, லை, ளை, னை நான்கும், வாலைச் சுருட்டிக்கொண்டிருந்த ணா, றா, னாவும், அவற்றோடு சேர்ந்த ஒகர ஓகார எழுத்துகளும் மற்ற எழுத்துகளைப் போல ஒழுங்குக்கு வந்தன. மொத்தம் பதின்மூன்று. துருக்கியில் ஒரே சட்டத்தில் முழு எழுத்தையும் தூக்கி எறிந்தார்கள். ஈரோட்டில் ஒரு மண்டி வியாபாரி அச்சுப்பெட்டியைத் திறந்து பார்த்து, இந்தச் சரக்கு எதற்குத் தனியாக அடுக்கிக் கிடக்கிறது என்று கேட்டிருக்கிறார். கம்பாசிடருக்கு அறை மிச்சம், குழந்தைக்கு மனப்பாடம் மிச்சம். அவர் சொன்ன காரணங்களில் புனிதம் இல்லை, சிக்கனம்தான் இருந்தது. ஐ என்பதை அய் என்றும் ஔ என்பதை அவ் என்றும் எழுதலாம் என்றார். அதை ஊர் ஏற்கவில்லை. பதின்மூன்று எழுத்துகளையும் 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டு ஏற்றது. நாற்பத்து மூன்று வருஷம். அதற்குள் அந்தப் பத்திரிகையே நின்றுபோய் முப்பது வருஷம் ஆகவிருந்தது, ஆசிரியரும் 1973-இல் காலமாகிவிட்டார்.

ஈரோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். பெரியார்–அண்ணா நினைவகம் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே இருக்கிற பழைய வீடு. படங்கள், கட்டில், கைத்தடி. அண்ணா 1930-களின் கடைசியில் விடுதலை ஏட்டில் வேலை பார்த்தபோது தங்கிய இடமும் இதுதான். கருணாநிதி 1940-களின் நடுவில் ஓராண்டு போலக் குடி அரசில் துணை ஆசிரியராக இருந்தார். ஒரே ஊரின் அச்சுக்கூட மைநாற்றத்தில் இரண்டு முதலமைச்சர்கள் புரூஃப் திருத்தியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய செல்வாக்குக் கணக்கு எந்தப் பத்திரிகைக்கும் இருக்காது என்று யாரும் சொல்லிவிடலாம். எனக்கு அங்கே அவர்களைவிடக் கண்ணம்மாள்தான் நினைவில் நின்றார். 1933 அக்டோபர் 29 இதழில் 'இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்' என்று தலையங்கம். ராஜதுரோக வழக்கு. எழுதியவர் என்று ராமசாமியும், வெளியிட்டவர் என்று தங்கை கண்ணம்மாளும் 1934-இல் சிறைக்குப் போனார்கள். அச்சகத்துக்கு ஜாமீன் கேட்டு அரசு நெருக்கியபோது குடி அரசு நின்றது, 'புரட்சி' வந்தது. அதற்கும் கழுத்தில் கை விழுந்தபோது 'பகுத்தறிவு' வந்தது. சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அதே ஆள் வாசலுக்கு வருவது போல.

நினைவகத்தில் வெளியூர்ப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் வரிசையாகச் சுற்றி வந்தார்கள். ஒரு பெண் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பழைய அச்சைப் பார்த்து, "மிஸ், இது தப்பா எழுதிருக்கு" என்றாள். தும்பிக்கை லை. ஆசிரியை என்ன சொன்னார் என்று கேட்பதற்குள் கூட்டம் நகர்ந்துவிட்டது.

துருக்கி ஏட்டின் மறுபாதிக் கதையைத் திரும்பி வரும் வண்டியில் யோசித்தேன். அதுவும் அப்பழுக்கில்லாத ஏடு அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனி பக்கம் சாய்ந்ததாகப் பேர் வாங்கியது. பின்னாளில் மதச்சார்பற்ற நடுத்தர வர்க்கத்தின் காலைத் தேநீரோடு சேர்ந்துபோனது. அதில் எழுதிய உகூர் மும்ஜு 1993 ஜனவரியில் கார் வெடிகுண்டில் கொல்லப்பட்டார். 2015-இல், சிரியாவுக்குப் போன உளவுத்துறை லாரிகளில் ஆயுதம் இருந்தது என்று படத்தோடு செய்தி போட்டதற்காக ஆசிரியர் ஜான் துந்தார் சிறைக்குப் போனார். மறு வருஷம் நீதிமன்ற வாசலிலேயே அவரை நோக்கி ஒருவன் சுட்டான், குறி தப்பியது. 2016 அக்டோபர் கடைசியில் ஆசிரியர், கட்டுரையாளர், கார்ட்டூனிஸ்ட் என்று கூட்டமாகப் பிடித்துப் போனார்கள். அந்த டிசம்பரில் பத்திரிகையின் கேன்டீன் நடத்துபவரையும் பிடித்தார்கள். அவர் செய்த குற்றம், ஜனாதிபதி வந்தால் டீ கொடுக்க மாட்டேன் என்று சொன்னது.

ஒரு கிளாஸ் டீயை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதற்குள் எவ்வளவு அரசியல்! ஆனால் அங்கே அதிகாரத்துக்கு மறுக்கப்பட்ட டீ அது. இந்தக் கொங்குச் சீமையில் டீக்கடை கிளாஸுக்கு வேறு கதை உண்டு. ஊருக்குள் இருக்கிற கடைகளில் தனிக் குவளை. ஒரு பிரிவார் குடித்துவிட்டுத் தாங்களே கழுவி வைக்க வேண்டும். குடி அரசு கால் நூற்றாண்டு அச்சடித்த மண், அந்தக் குவளையை முழுசாக உடைக்கவில்லை. பிறகு காகிதக் கப் வந்தது. சில ஊர்களில் தனிக் குவளையின் இடத்தை அது சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது, ஒருவருக்குக் கிளாஸ், ஒருவருக்குக் கப் என்று. திருப்பூருக்குப் பஸ் ஏறி வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தவர்களில் பலர் கூலிக்காக மட்டும் வரவில்லை. இங்கே கடைக்காரன் யார் என்று கேட்காமல் கிளாஸை நீட்டுவான். எழுத்தைத் திருத்த அரசாணை போதும். கிளாஸுக்குச் சட்டமே ஏற்கெனவே இருக்கிறது.

இரவு திரும்பியபோது காலையில் பார்த்த தர்பங்கா டெய்லர் அதே பெஞ்சில் இருந்தான். ஷிப்ட் முடிந்து முகத்தில் பஞ்சுத் தூசி. 2023 மார்ச்சில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் பிகார்க்காரர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றின, ஒரு இந்தி நாளேடும் அதைச் செய்தியாகப் போட்டது. ஹோலி நேரம் வேறு. ஊருக்குப் போகிறவன் எவன், பயந்து ஓடுகிறவன் எவன் என்று பிரிக்க முடியாமல் ரயில் நிலையம் நிறைந்தது. திருப்பூர் போலீஸ் இந்தியில் பேசி வீடியோ போட்டது. பிகார் அரசு அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டு, செய்தி பொய் என்று போனது. "அம்மா அழுதுட்டே போன் பண்ணாங்க. பேப்பர்ல வந்திருக்கு, பேப்பர் பொய் சொல்லுமான்னு கேட்டாங்க அண்ணா." வீடியோவை அவள் நம்பவில்லை, பேப்பரில் வந்ததால் நம்பினாள். அவனுடைய அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

எதிர்ச் சுவரில் ஒருவர் பசை வாளியோடு சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். சிங்கர் டெய்லர், பேட்லாக், செக்கிங், கைமடி வேலைக்கு ஆட்கள் தேவை. கீழே அதுவே இந்தியில். 'வேலை'யில் லை நேராக, சுழி இல்லாமல், எல்லா எழுத்தையும் போல நின்றது.

நண்பர் ஆறில் இரண்டு கிளாஸை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். துருக்கித் தாளை நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டதால், அன்றைய தமிழ் நாளேட்டைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். ஒன்றில் விளிம்போரம் மயிரிழை விரிசல். நல்லதில் மனைவிக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, விரிசல் கிளாஸை எனக்கு வைத்துக்கொண்டேன். கசங்கிய தாளை அவள் விரித்து, வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள்.